வீட்டு வைஃபைக்கு இரண்டு பூட்டு

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போடாத விவசாயியைக் காண்பது அரிது. கொட்டகைக் கதவுக்கு ஒன்று, உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஒன்று என்று இரண்டு பூட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதே விவசாயியின் வீட்டுக் கூடத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வைஃபை பெட்டிக்குப் பூட்டு உண்டா என்று கேட்டால், "லைன் போட வந்தவர் ஏதோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்த 'ஏதோ' போதுமா என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் உள்ள மங்கலம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பேரூராட்சித் தெருக்களில் பல வீடுகள் ஒட்டி ஒட்டி அமைந்தவை. திண்ணையைத் தாண்டினால் தெரு. கண்ணாடி இழைக் கேபிள் மூலம் வரும் இணைப்பு வீட்டுக்குள் பெட்டி வரை கம்பியில் வருகிறது. பெட்டியிலிருந்து செல்போனுக்கு ரேடியோ அலையாகப் போகிறது. கம்பி சுவரோடு நின்றுவிடும், அலை நிற்காது. செங்கல் சுவரில் கொஞ்சம் வலுக் குறையும், கான்கிரீட்டில் இன்னும் குறையும், ஓட்டு வீட்டிலும் சன்னல் வழியிலும் தாராளமாக வெளியே போகும். திறந்த வெளியில் 50 முதல் 100 மீட்டர் வரை எட்டக்கூடியது. ஆகவே ஒரு வீட்டு வைஃபை என்பது அந்த வீட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. தெருவிலும், பக்கத்து வீட்டு மாடியிலும், பின்பக்கத்துக் களத்திலும் இருக்கிறது. வேலி தாண்டிய முருங்கைக் கிளை போல, வெளியே நிற்பவன் கைக்கு எட்டுகிறது.

எட்டினால் என்ன, கொஞ்சம் டேட்டா போகும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. டேட்டா போவது சிறிய நஷ்டம். பெரிய விஷயம் பெயர். மின் இணைப்பு எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் மின்வாரிய அதிகாரி வந்து கேட்பார். கொக்கி போட்டு இழுத்தது வேறு ஆளாக இருந்தாலும் முதல் கேள்வி இணைப்புக்காரருக்கே. இணைய இணைப்பும் இப்படித்தான். அந்த இணைப்பிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முகவரி எண் ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று நிறுவனத்தின் பதிவேட்டைப் பார்த்தால், சந்தாதாரரின் பெயரும் கதவு எண்ணும் கிடைத்துவிடும். வீட்டுக்குள் எந்தச் செல்போன், தெருவில் எந்தச் செல்போன் என்ற விவரம் அந்தப் பதிவேட்டில் இராது.

இது கற்பனைப் பயம் அல்ல. 2008-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத் நகரில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்து 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. அது புறப்பட்ட முகவரி எண்ணைப் பிடித்துக்கொண்டு போன போலீசார், நவிமும்பை சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டினார்கள். அங்கு வாடகைக்குக் குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருடைய கம்ப்யூட்டர்கள் எடுத்துச் செல்லப்பட்டன. அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை, அதை வேறு யாரோ பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது அதன் பிறகே தெளிவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி டெல்லியில் குண்டுகள் வெடித்தபோதும் இதே கதை. அப்போதைய மின்னஞ்சல் மும்பை செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போயிருந்தது. இந்த நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று உத்தரவு பிறப்பித்தது.

மங்கலம்பேட்டைத் தெருவில் அப்படிப்பட்டவர்கள் வந்து நிற்கப் போவதில்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் ஒரு பெண்ணின் படத்தைத் தவறாகப் பரப்புகிறவனுக்கும், பொய்க் கணக்குத் தொடங்கிப் பணம் பறிக்கிறவனுக்கும் தன் பெயரில் இல்லாத ஓர் இணைப்பு மிகவும் சௌகரியம். புகார் போனால் விசாரணை வந்து நிற்பது சந்தாதாரர் வீட்டு வாசலில். பெரும்பாலான வீடுகளில் இணைப்பு இருப்பது குடும்பத் தலைவரான விவசாயியின் பெயரில். அதைப் பயன்படுத்துவதோ பிள்ளைகளும், வந்துபோகும் உறவினர்களும். பெட்டியைத் தொட்டே பார்க்காதவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லிவிட வேண்டும். வைஃபை திறந்திருந்தால் உடனே வங்கிப் பணம் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. வங்கிச் செயலிகளும், அரசு இணையதளங்களும் தம் செய்தியைத் தனியே ஒரு முறை ரகசியக் குறியீடாக மாற்றித்தான் அனுப்புகின்றன. பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் அதை அப்படியே படித்துவிட முடியாது. ஆபத்து வேறு வழியில் வருகிறது. அது இரண்டாவது பூட்டைப் பற்றியது. முதலில் முதல் பூட்டைப் பார்ப்போம்.

கதவுப் பூட்டு

வைஃபையில் சேர்வதற்குக் கேட்கப்படும் பாஸ்வேர்டு கொட்டகைக் கதவுக்குப் போடும் பூட்டைப் போன்றது. இணைப்புக் கொடுக்க வருகிறவர்கள் நினைவில் நிற்கட்டும் என்று சந்தாதாரரின் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போவது வழக்கமாக இருக்கிறது. சிலர் 1 முதல் 8 வரை வரிசையாகப் போட்டு விடுகிறார்கள். இவை பூட்டுப் போட்டுச் சாவியை நிலைப்படி மேல் வைப்பதற்குச் சமம்.

கணக்குப் போட்டால் விளங்கும். வைஃபையைத் திறக்க முயல்கிறவன் வாசலில் நின்று ஒவ்வொரு பாஸ்வேர்டாகத் தட்டச்சு செய்துகொண்டிருப்பதில்லை. வீட்டுச் செல்போன் பெட்டியுடன் சேரும் நேரத்தில் இரண்டுக்கும் இடையே நடக்கும் பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறான். பிறகு தன் இடத்துக்குப் போய், கம்ப்யூட்டரை விட்டு அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்கிறான். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய இன்றைய கம்ப்யூட்டர் ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 10 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். வெறும் எண்களால் ஆன 8 இலக்கப் பாஸ்வேர்டுகள் மொத்தமே 10 கோடி. 100 விநாடியில் முடிந்துவிடும். செல்போன் எண் 10 இலக்கம். நம் நாட்டில் அது 6, 7, 8, 9 ஆகிய எண்களில்தான் தொடங்கும் என்பதால் 400 கோடிதான். அதற்கு ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் போதும். அதுவும் எண் தெரியாதவனுக்கு. தெரு முழுவதும் அறிந்த எண்ணுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

ஆகவே பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து, அதிகம் போனால் 63 எழுத்து வரை இருக்கலாம். 16 எழுத்துக்கு மேல் வைப்பது நலம். நினைவில் நிற்க வேண்டுமே என்றால் அதற்கு எளிய வழி உண்டு. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றை ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதி, நடுவில் இரண்டு எண்களைச் செருகலாம். கலப்பை, வவ்வால், ஊறுகாய், தண்டவாளம் என்பது போல. (இது அச்சில் வந்துவிட்டதால் இதையே வைத்துக்கொள்ளக் கூடாது.) குலதெய்வத்தின் பெயர், பிள்ளைகளின் பெயர், டிராக்டர் எண், பிறந்த ஆண்டு இவை வேண்டாம். உறவினர் யாரும் ஊகித்துவிடலாம்.

மாற்றும் முறை கடினமானதல்ல. செல்போனை அந்த வைஃபையிலேயே இணைத்துக்கொண்டு, இணையப் பக்கம் பார்க்கும் செயலியில், மேலே முகவரி எழுதும் இடத்தில், பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட எண்ணை எழுத வேண்டும். பல பெட்டிகளில் இது 192.168.1.1 என்று இருக்கும், சிலவற்றில் 192.168.0.1. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அவையும் அந்தச் சீட்டிலேயே இருக்கும். இல்லாவிட்டால் இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே போனதும் 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' என்ற பகுதியும், அதற்குள் 'செக்யூரிட்டி' என்ற தலைப்பும் தெரியும். சில நிறுவனங்கள் தம் செல்போன் செயலியிலேயே இந்த வசதியைக் கொடுத்திருக்கின்றன. அப்படியானால் இன்னும் சுலபம்.

செக்யூரிட்டி என்ற இடத்தில் எந்த வகைப் பூட்டு என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். 'ஓபன்' என்றால் பூட்டே இல்லை. 'டபிள்யூ.இ.பி.' என்பது பழைய காலத்துப் பூட்டு. அதில் ஓட்டை இருப்பது 2001-லேயே தெரிந்துவிட்டது. 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆராய்ச்சியாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். அது எவ்வளவு நீளப் பாஸ்வேர்டாக இருந்தாலும் பயனில்லை. 2004-ல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.2', 2018-ல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.3' இந்த இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய செல்போனும் கேமராவும் டபிள்யூ.பி.ஏ.3-இல் சேர மறுக்கக்கூடும். அப்போது இரண்டும் கலந்த முறை என்று பட்டியலில் ஒன்று இருக்கும், அதை வைத்துக்கொள்ளலாம். புதிய பெட்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். இரண்டுக்கும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைப் பழைய செல்போன் எண்ணிலேயே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

இன்னொரு சிறு வாசலும் உண்டு. பெட்டியில் 'டபிள்யூ.பி.எஸ்.' என்று ஒரு பொத்தான் இருக்கும். பாஸ்வேர்டு எழுதாமலே கருவிகளைச் சேர்ப்பதற்கு வைத்தது. இதற்கு 8 இலக்க எண் ஒன்று உள்ளே இருக்கிறது. அதைப் பெட்டி முழுதாகச் சரிபார்க்காமல் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் 10 கோடி முறை முயல வேண்டிய இடத்தில் 11 ஆயிரம் முறை முயன்றால் போதும் என்பது 2011 டிசம்பரில் வெளியாயிற்று. பல புதிய பெட்டிகளில் இதற்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். என்றாலும் இதை அணைத்து வைப்பதே சரி. வருடத்தில் ஒரு நாள் பயன்படும் வசதிக்காகக் கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். அதற்கென்று உள்ள செயலிகளில் மறைந்த பெயரும் தெரியும். பெயரை மறைப்பதைவிட, பெயரில் வீட்டுக்காரர் பெயரும் கதவு எண்ணும் வராமல் பார்த்துக்கொள்வது மேல்.

ஸ்டார்ட்டர் பெட்டிப் பூட்டு

இரண்டாவது பூட்டுதான் பெரும்பாலோர் அறியாதது. மேலே சொன்னபடி பெட்டியின் உள்ளே போகும்போது ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டதல்லவா? பல பெட்டிகளில் இரண்டுமே 'அட்மின்' என்று தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியிருப்பார்கள். ஒரே மாடல் பெட்டி லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும். அத்தனைக்கும் ஒரே சாவி. வைஃபை பாஸ்வேர்டை எத்தனை நீளமாக வைத்தாலும் இந்தச் சாவியை மாற்றாவிட்டால், உள்ளே வந்த விருந்தாளியின் செல்போனில் உள்ள ஒரு கெட்ட செயலிகூடப் பெட்டியைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடலாம்.

நம் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. 2017 ஜூலை மாதக் கடைசியில் கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களின் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. சுமார் 60 ஆயிரம் மோடம்கள் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. ஏதோ ஒரு கெட்ட நிரல் இணையத்தின் வழியாகவே வந்து, 'அட்மின்' என்ற பழைய பாஸ்வேர்டை மாற்றாத மோடம்களாகப் பார்த்துப் புகுந்து கெடுத்திருந்தது. மாற்றியவர்களின் மோடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பாஸ்வேர்டை உடனே மாற்றும்படி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

அதற்கு முந்தைய ஆண்டு 'மிராய்' என்ற நிரல் உலகம் முழுவதும் பரவியது. அதனிடம் இருந்தது தொழிற்சாலைப் பயனர் பெயர், பாஸ்வேர்டு அடங்கிய சுமார் 60 ஜோடிகள் கொண்ட ஒரு சிறு பட்டியல் மட்டுமே. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கண்காணிப்புக் கேமராக்களையும் மோடம்களையும் அது வசப்படுத்திவிட்டது. 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அவற்றை ஏவிவிட்டு நடத்திய தாக்குதலில் டுவிட்டர் போன்ற பெரிய இணையதளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. கேமராவின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கேமரா இப்படி வேலை செய்தது தெரியவே தெரியாது. களத்தில் காயும் மணிலாவைப் பார்த்துக்கொள்ளவும், மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளவும் கேமரா வாங்கி மாட்டும் விவசாயிகள் இதை மனதில் கொள்ள வேண்டும். கேமராவுக்கும் தனியே ஒரு பாஸ்வேர்டு உண்டு. மாட்டிய அன்றே அதையும் மாற்ற வேண்டும்.

பணத்துக்கு ஆபத்து வருவதும் இந்த வழியில்தான். பெட்டிக்குள் புகுந்தவன், வங்கியின் இணையதளம் எங்கே என்று செல்போன் கேட்கும்போது போலிப் பக்கத்தைக் காட்டும்படி பெட்டியை மாற்றி வைக்க முடியும். பிரேசில் நாட்டில் 2011-ல் இப்படி 45 லட்சம் மோடம்கள் மாற்றப்பட்டன. அங்கே மோடத்தின் உள் நிரலிலேயே ஒரு குறை இருந்தது. ஆகையால் 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்று பெட்டியின் பக்கத்தில் காட்டினால் அதை ஏற்றுக்கொள்வதும், 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்பது திறந்திருந்தால் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டு அணைப்பதும் நல்லது. வழக்கமான வங்கிப் பக்கம் வேறு மாதிரித் தெரிந்தாலோ, பாதுகாப்பற்றது என்று செல்போன் எச்சரித்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் செய்ய வேண்டும்.

இரண்டு பூட்டையும் மாற்றும்போது இந்த அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிட்டு, வைஃபை பாஸ்வேர்டைப் பிறகு மாற்றினால் வேலை சுலபம். வைஃபை பாஸ்வேர்டு மாறிய நொடியில் எல்லாக் கருவிகளும் அறுந்துபோகும், செல்போன், டி.வி., கேமரா ஒவ்வொன்றிலும் புதிதாகப் பதிய வேண்டும். ஆகவே பிள்ளைகளுக்கு ஆன்லைன் தேர்வு இருக்கும் நாளிலோ, அவசரமாக விற்பனைக் கூடத்து விலை பார்க்க வேண்டிய நேரத்திலோ இதைத் தொடங்கக் கூடாது. ஓய்வான ஒரு பகல் வேளையில், வீட்டில் படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அரைமணி நேர வேலை. சிம் கார்டு போட்டு இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது பாட்டுக்கு ஓடும்.

விருந்தாளிக்கும் அண்டை வீட்டாருக்கும்

கேட்டவர்க்குத் தண்ணீர் கொடுப்பது போல வைஃபையும் கொடுப்பது கிராமத்துப் பண்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிப்பதற்குக் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. சொல்லவும் வேண்டியதில்லை. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று விருந்தாளிகளுக்கான தனி வைஃபை வைக்க இடமிருக்கிறது. அதற்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. அதில் சேர்ந்தவர்கள் இணையம் பார்க்கலாம்; வீட்டுக் கம்ப்யூட்டரையோ கேமராவையோ எட்ட முடியாது. வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று நூறு பேர் வந்துபோன பிறகு அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும். இணைப்பு என்னவோ விவசாயியின் பெயரில்தான் இருக்கும் என்பதால், முகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதே முறை.

மாதம் ஒருமுறை பெட்டியின் பக்கத்தில் 'கனெக்டட் டிவைசஸ்' என்ற பட்டியலைப் பார்ப்பது நல்ல பழக்கம். வீட்டில் நான்கு செல்போனும் ஒரு டி.வி.யும் இருக்க, பட்டியலில் ஒன்பது இருந்தால் மீதி நான்கு யாருடையது என்று விசாரிக்க வேண்டும். எல்லோரையும் உடனே சந்தேகிக்கவும் வேண்டாம், பிள்ளைகள் கொடுத்திருப்பார்கள்.

வைஃபை பெட்டி இல்லாமல், செல்போனிலேயே 'ஹாட்ஸ்பாட்' போட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அதற்கும் இதே விதி. செல்போனின் அமைப்புப் பகுதியில் ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டு இருக்கும். அதை நீளமாக வைத்து, வேலை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட வேண்டும்.

புதிய பாஸ்வேர்டுகளை எங்கே எழுதி வைப்பது? எங்கும் எழுதவே கூடாது என்று சொல்வது பட்டணத்து ஆபீசுக்குப் பொருந்தும். வீட்டில் பட்டா, சிட்டா, நகை அடகுச் சீட்டு வைத்திருக்கும் பெட்டியிலே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பாஸ்வேர்டையும் எது எதற்கு என்று குறித்து, மாற்றிய தேதியையும் எழுத வேண்டும். திண்ணைச் சுவரில் ஒட்டுவதுதான் கூடாது.

அப்படியும் மறந்துவிட்டால், பெட்டியின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைப் பத்து விநாடி அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கண்ணாடி இழை இணைப்புப் பெட்டிகள் பலவற்றில், அப்படி அழுத்தினால் நிறுவனம் உள்ளே பதிந்து வைத்த இணைப்பு விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும். வைஃபை இருக்கும், இணையம் வராது. இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்து, அவர் வந்து நிற்கும்போதே அந்தத் துளையைத் தொட வேண்டும். அழுத்திய பிறகு பழைய 'அட்மின்' பாஸ்வேர்டும் திரும்பி வந்திருக்கும் என்பதால், அவர் கிளம்புவதற்கு முன்பே இரண்டு பூட்டையும் மறுபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.